ஜீனத் அக்கா சாப்பிடாமல் போன அன்று

மேலகரத்தில் நாங்கள் வீடு கட்டிப் பால் காய்ச்சிய அன்று, பக்கத்து வீட்டு ஜீனத் அக்காவும் வந்திருந்தார். ரம்ஜான் பெருநாள் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. பந்தியில் உட்காரச் சொன்னேன். "இருக்கட்டும் செல்வி, பொறவு பாத்துக்கிடுதேன்" என்றார். பாயசத்தை நீட்டினேன், அதையும் வாங்கவில்லை.

எனக்குச் சுருக்கென்றது. "எங்க வீட்டுல கை நனைக்கப் பிடிக்கலையாக்கா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். அவர் முகம் வாடியது. பதிலைக்கூடக் கேட்காமல் பரிமாறப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவர் இல்லை. அதன்பின் எனக்கு வேலையே ஓடவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் அவரே வாசலில் வந்து நின்றார். "பெருநாளைக்குப் பொறவும் ஆறு நோன்பு வைப்போம்ட்டி. அத்தன கூட்டத்துல சொல்லக் கூச்சமா இருந்துது. இப்ப பள்ளிவாசல்ல தொழுகைக்குப் பாங்கு சொல்லப்போறாவ. பாயசம் இருக்கா? அதக் குடிச்சே நோன்பு திறக்கேன்."

அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். "அத விடு, பசிக்குதுல்லா" என்று சிரித்தார். பாங்கு கேட்டதும் இரண்டு டம்ளர் குடித்தார். பிறகு அடுக்களையிலேயே இலை போட்டேன்.

இப்போதெல்லாம் விசேஷத்துக்கு அழைக்கும்போதே, "அன்னைக்கு நோன்பு, விரதம் ஏதும் உண்டா?" என்று கேட்டுவிடுகிறேன். உண்டு என்பவர்களுக்கு ஒரு பங்கு தனியாக எடுத்து வைத்துவிட்டுக் காத்திருக்கிறேன்.