‘ஒதுக்க’ என்று ஒட்டிய கட்டில்

2025 ஜூன் 14, சனிக்கிழமை, காலை பத்து இருபது. வானத்தில் பேருக்குக்கூட மேகம் இல்லை. கச்சான் காற்று உப்பளப் பக்கமிருந்து புழுதியை வாரிவந்து ஓய்வூதியர் சங்க மண்டபத்தின் பதினான்கு சன்னல்கள் வழியாகவும் உள்ளே கொட்டிக்கொண்டிருந்தது. அந்தப் புழுதியில் நின்றுகொண்டு, கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒருவன் குறைந்த பொருள்களோடு வாழ்வது எப்படி என்று எங்களுக்குப் பாடம் எடுத்தான்.

நாற்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கார். தன்னிடம் மொத்தமே தொண்ணூற்றாறு பொருள்கள்தான் உண்டு என்றான். செருப்பை ஒன்று என்று எண்ணினீர்களா, இரண்டு என்றா என்று எழுந்து கேட்டேன். சிரித்துக்கொண்டே அடுத்த விஷயத்துக்குத் தாவினான். துறைமுகத்தில் முப்பத்து நான்கு வருடம் கப்பலிலிருந்து இறங்கிய மூட்டைகளை எண்ணி எழுதியவன் நான். எண்ணத் தெரியாதவன் எண்ணிக்கையைப் பற்றிப் பேசினால் எனக்குப் பொறுக்காது.

கடைசியில் விஷயத்துக்கு வந்தான். காரிலிருந்து நாற்பத்தெட்டுத் துணிப்பைகள் இறங்கின. ஒவ்வொன்றிலும் ‘வைக்க’, ‘கொடுக்க’, ‘ஒதுக்க’ என்று மூன்று நிறத்தில் ஒட்டுத்தாள்கள், விளக்கத்துக்கு ஒரு துண்டுத்தாள். பை அறுநூறு ரூபாய். பொருளைக் குறை என்று சொல்ல வந்தவன் எங்கள் வீடுகளில் நாற்பத்தெட்டுப் பொருளைக் கூட்டிவிட்டுப் போனான். அதில் ஒன்றை வாங்கியவள் என் மனைவி.

அவள் வாங்கியதற்குக் காரணம் உண்டு. எங்கள் அடுக்களை கீழே, படுக்கை மாடியில். அவளுடைய இரண்டு கால்முட்டும் தேய்ந்துவிட்டன. படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லி ஏழு மாதம் ஆயிற்று. கீழே பின்பக்கம் ஓர் அறை இருக்கிறது. அதை ஒழித்து அவளுக்குக் கட்டில் போட்டுத் தருகிறேன் என்று கிறிஸ்மஸுக்கு முன்பே சொல்லியிருந்தேன். அறையில் என் சாமான்கள் இருந்தன. ஒன்பது மேசை மின்விசிறிகள், அவற்றில் இரண்டு மட்டும் சுழலும். மக்ரூன் இனிப்பு வாங்கிய முப்பத்தெட்டுக் காலி டப்பாக்கள். மழையே பார்க்காத இந்த ஊரில் பதினோரு குடைகள். எல்லாவற்றுக்கும் நோட்டில் பட்டியல் உண்டு.

“எல்லாத்தையும் எண்ணுதீங்களே, நான் ஒரு நாளைக்கு எத்தன படி ஏறி இறங்குதேன்னு எண்ணுனீங்களா?” என்று கேட்டாள்.

“பதினேழு படி.”

“நாலு தடவ ஏற, நாலு தடவ இறங்க. பெருக்கிப் பாருங்க.”

நூற்று முப்பத்தாறு. கணக்கில் தவறு இல்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் வேலையைத் தொடங்கினோம். முன்பு குடியிருந்தவர் விட்டுப்போன ஓர் இரும்புக் கட்டில், கழற்றிய நிலையில், அந்த அறையின் மூலையில்தான் கிடந்தது. மாடிக் கட்டில் படி வழியாக இறங்காது. ஆகவே அவளுக்கு இதுதான். தலைமாடு, கால்மாடு, இரண்டு நீளச் சட்டங்கள், ஒன்பது குறுக்குப் பட்டைகள், எட்டுத் திருகாணிகள். எண்ணி, வெளியே முற்றத்தில் அடுக்கி, கயிறு போட்டுக் கட்டினேன். துரு போகத் துடைத்துப் பத்திரமாக எடுத்து வைக்கவேண்டிய சாமான். எங்கள் ஊரில் இதற்குச் சொல் ஒதுக்கி வைப்பது. வீட்டை ஒதுக்கினாயா என்றால் சாமான்களை அதனதன் இடத்தில் வைத்தாயா என்று பொருள். ஆகவே ‘ஒதுக்க’ என்ற சிவப்புத் தாளைக் கட்டிலில் ஒட்டினேன். மற்ற எல்லாவற்றிலும் ‘வைக்க’.

துண்டுத்தாளை நான் படிக்கவில்லை. அந்த ஆள் எழுதியதைப் படித்துத்தான் எனக்குத் தமிழ் தெரியவேண்டுமா? நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த ஒரு மின்விசிறியின் அடியில் செருகியிருந்தேன். என் மனைவி அதை முன்னமே படித்திருந்தாள். அதில், ஒதுக்க என்றால் வீட்டை விட்டு வெளியேற்ற.

மறுநாள் துரு துடைக்க மண்ணெண்ணெய் தேடி நான் மூன்று கடை ஏறி இறங்கிய நேரத்தில், பழைய இரும்பு வாங்கும் ஆக்கர் கடைக்காரன் வந்திருக்கிறான். இவள் அடுப்பில் மீனைப் போட்டுவிட்டு உள்ளிருந்தே குரல் கொடுத்திருக்கிறாள்: “முத்தத்துல ஒதுக்கன்னு ஒட்டியிருக்கத மட்டும் எடுத்துக்கிடும்.”

மண்ணெண்ணெய் கிடைக்காமல் நான் திரும்பி வந்தபோது மேசைமேல் எண்ணூற்று முப்பத்திரண்டு ரூபாய் இருந்தது. முப்பத்திரண்டு கிலோ, கிலோ இருபத்தாறு.

“எத ஒட்டுனீங்க?” என்றாள்.

“கட்டில.”

கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். அதுல போயி ஒட்டுனீங்களாக்கும்.”

கடைக்கு ஓடினேன். கட்டில் குவியலின்மேல் கிடந்தது. எறிந்ததில் ஒரு சட்டம் வளைந்திருந்தது, திருகாணிகளைக் காணோம்.

“அண்ணாச்சி, எடுக்க வெல வேற, குடுக்க வெல வேற. கிலோ முப்பத்தெட்டு” என்றான் கடைக்காரன், பல்குத்திக்கொண்டே. “இல்லன்னா ஒண்ணு செய்யுங்க. அங்கன உள்ள பூரா ஃபேனா கெடக்கே, அதக் குடுத்துட்டுக் கட்டிலச் சும்மா கொண்டுபோங்க.”

என் மின்விசிறிகளுக்கு இவன் விலை பேசுகிறான். ஆயிரத்து இருநூற்றுப் பதினாறை எண்ணி அவன் தராசின்மேல் வைத்தேன். லோடு ஆட்டோவுக்கு இருநூற்றைம்பது. வழியில் பட்டறையில் சட்டத்தை நிமிர்த்திப் பற்றவைத்துத் திருகாணி வாங்கியதில் ஐந்நூற்று நாற்பத்தாறு.

சாயந்தரம் கட்டிலைப் பின்னறைக்குள் நுழைத்தேன். நுழையவில்லை. கட்டில் ஆறே கால் அடி. மின்விசிறிகளும் டப்பாக்களும் போக அறையில் மிஞ்சியது நாலரை அடி. சாய்த்துப் பார்த்தேன், திருப்பிப் பார்த்தேன். அவள் வாசலில் நின்று பார்த்தாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் ஏறத் தொடங்கினாள்.

எண்ணினேன். எனக்கு வேறென்ன தெரியும். ஐந்தாவது படியில் நின்றாள். ஒன்பதில் நின்றாள். பதின்மூன்றில் உட்கார்ந்தேவிட்டாள். பதினேழாவது படிக்குப் போய்ச் சேர ஆறு நிமிடம் ஆயிற்று. வருடக்கணக்காக நான் கீழே பட்டியல் எழுதிக்கொண்டிருந்தபோது இந்த ஏற்றம் என் தலைக்கு மேலேயே நடந்திருக்கிறது. எந்த நோட்டிலும் அது இல்லை.

ஆக்கர் கடைக்காரனுக்குப் போன் போட்டேன். “ஏலே, ஃபேன எடுத்துக்கிட வா. டப்பாவும் குடையும் சேத்து.”

“நேத்து வெல இன்னைக்கு இல்ல அண்ணாச்சி.”

“நேத்து எங்கலே? காலைலதான கேட்ட.”

“காலைல உங்களுக்குக் கட்டில் வேணும். இப்ப எடம்ல வேணும். ஏத்துக்கூலி நூறு ரூவா நீங்க தரணும்.”

கோயம்புத்தூர்க்காரன் ஒன்றேகால் மணி நேரம் பேசிப் புரியவைக்காததை இந்தத் திருடன் ஒரே வரியில் சொன்னான். ஒன்பதையும் எண்ணிக் கொடுத்தேன், சுழலும் இரண்டையும் சேர்த்து. ஒன்றின் அடியிலிருந்து அந்தத் துண்டுத்தாள் விழுந்தது. அப்போதுதான் படித்தேன். எழுத்துப்பிழை நான்கு.

எட்டு மணிக்குக் கட்டில் பின்னறையில் நின்றது. பதினேழு படியையும் கடைசித் தடவையாக இறங்கி வந்து அவள் உட்கார்ந்து பார்த்தாள், கிரீச்சென்றது.

“ஃபேன் ஒண்ணு இருந்தா நல்லாருக்கும்” என்றாள்.

அதற்காக மறுநாள் வாங்கிய புது மின்விசிறியின் விலையை நான் இதில் சேர்க்கவில்லை. இரும்பு விற்ற காசைக் கழித்து, பை முதல் ஏற்றுக்கூலி வரை எனக்கு ஆன செலவு ஆயிரத்து எண்ணூற்று எண்பது ரூபாய்.