பதினோரு படங்களில் நான் அழித்த தாய்மாமன்

1. தோசை ஆறிப்போன காலை

“இன்னாம்மா பண்ணி வச்சிக்கிற? ஆல்பத்துல மாமங்காரனையே காணோமே!”

சங்கராபுரத்து ஸ்டுடியோ அண்ணன் போனில் கத்தியபோது என் வாயில் தோசை இருந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

நான் ஆல்பம் டிசைனர். எந்தக் கடையிலும் வேலைக்கு இல்லை. சுற்றுவட்டார ஸ்டுடியோக்காரர்கள் கல்யாணம், காதுகுத்து, சீமந்தம் என்று படங்களை அனுப்புவார்கள். கள்ளக்குறிச்சியில் என் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து ஆல்பத்தின் பக்கங்களை ஷீட் ஷீட்டாக அடுக்கி, முகத்துக்கு வெளிச்சம் ஏற்றி, பின்னால் நிற்கும் குப்பைத் தொட்டி, ஒயர், பந்தல்காரர் எல்லாவற்றையும் அழித்து அனுப்புவேன். பன்னிரண்டு வருஷமாக இதே பிழைப்பு. ஆயிரக்கணக்கான முகங்கள் எனக்குத் தெரியும். அதில் ஒருவருக்கும் என்னைத் தெரியாது. மார்க்கெட்டில் யாரையாவது பார்த்துச் சிரித்துவிடுவேன். அவர்கள் விழிப்பார்கள். அப்புறம்தான் இது என் மானிட்டரில் பார்த்த முகம் என்று உறைக்கும். பாதி கனவில் நடப்பதைப் போன்ற அந்த வாழ்க்கை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. வேலையில் குறை சொன்னால் போனை அணைத்துவிடலாம். எந்த முதலாளி கூப்பிட்டு நிறுத்தப் போகிறார்?

இது ஒரு காதுகுத்து ஆல்பம். பட்டு வேட்டியில் இருந்த பெரிய தாய்மாமன் மடியில் குழந்தை. அவர் பின்னால், எல்லாப் படத்திலும், வெளுத்த சட்டையோடு ஒருவர் ஓரமாக நின்றிருந்தார். ஒரு படத்திலும் கேமராவைப் பார்க்கவில்லை. பந்தல்காரர் என்று நானே முடிவுகட்டி, பதினோரு படங்களிலும் துடைத்துவிட்டேன். சுத்தமான வேலை என்று எனக்கே பெருமை வேறு.

அவர் சின்னத் தாய்மாமன். பெயர் கோவிந்தன். கல்வராயன்மலை மேலே இருக்கும் கரியாலூர்க்காரர். ஏதோ மனத்தாங்கலில் மூன்று வருஷம் அக்கா வீட்டு வாசலை மிதிக்காதவர், அவள் அழுது கூப்பிட்டதால் ஒரு மூட்டை சாமையைத் தூக்கிக்கொண்டு விசேஷத்துக்கு இறங்கி வந்திருக்கிறார். முந்தின நாள் அக்கா வீட்டில் ஆல்பத்தைக் கடைசி ஷீட் வரை புரட்டியிருக்கிறார். மூடி வைத்துவிட்டு, கொடுத்த காப்பியைக்கூடத் தொடாமல் மலைக்குத் திரும்பிவிட்டார். போனையும் எடுப்பதில்லை.

“அந்த அக்காக்காரி கடையில வந்து அழுவுது. ‘நான்தான் படத்துலேர்ந்து எடுக்கச் சொன்னேன்னு என் தம்பி நெனச்சிக்கிச்சே’ன்னு சொல்லி. நான் கம்ப்யூட்டர் கோளாறுன்னு சொல்லி வச்சிக்கிறேன். நீ கொஞ்ச நாளு போன் எடுக்காத. நான் சமாளிச்சிக்கிறேன்” என்றார் அண்ணன்.

எனக்கு வேண்டியதே அதுதான். உடனே போனை அணைத்தேன்.

2. களம்

முதுகுவலிக்காக நான் சிலம்ப வகுப்பில் சேர்ந்து அப்போது இரண்டு வருஷம். தியாகதுருகம் போகும் வழியில் ஒரு ரைஸ் மில், அதன் நெல் காயும் களத்தில் விடியற்காலை வகுப்பு. கற்றுத்தருகிற ரேவதி என்னைவிடப் பத்து வயது சின்னவள், டூவீலர் ஷோரூமில் வேலை. பனி விலகாத அந்த நேரத்தில் ஆட்கள் தெரியமாட்டார்கள், கம்பு சுற்றும் சத்தம் மட்டும் உய்ங் உய்ங் என்று கேட்கும். தனியாகச் சுற்றும்போது நானும் அந்தச் சத்தத்துக்குள் கரைந்துபோவேன். ஆனால் எதிரில் ஆள் நின்றால் போச்சு. கண்ணை மூடிக்கொண்டு பின்வாங்குவேன்.

“பின்னாலயே போய்க்கினு இருந்தா செவுரு வந்துடும்க்கா” என்று ரேவதி கேலி செய்வாள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன்.

மறுநாள் விடியலில் களத்துக்குப் போனேன். ரேவதியிடம் எதையும் சொல்லவில்லை. மனசெல்லாம் அந்த மனிதர் ஆல்பத்தை மூடிய காட்சி. நானாகக் கற்பனை செய்துகொண்டதுதான், ஆனால் விட்டுத் தொலையவில்லை. என் மேலேயே வந்த கோபத்தில், அவள் கம்பை ஓங்கியபோது பின்வாங்க மறந்து ஒரு அடி முன்னால் வைத்துவிட்டேன். கண்ணும் திறந்தே இருந்தது. கம்பு வருவது முழுசாகத் தெரிந்தது. முன்கையில் விழுந்தது. சுரீர் என்றது. இவ்வளவுதானா என்று இருந்தது.

“இன்னாக்கா, இன்னிக்கு ஓடல?” என்றாள்.

“பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்று கம்பை அவளிடமே கொடுத்தேன்.

3. மேலே

கல்வராயன்மலை பஸ்ஸில் லேப்டாப்பை மடியில் அணைத்துக்கொண்டு போனேன். வளைவுக்கு வளைவு மேகம் ஜன்னலுக்குள் வந்து போனது. பக்கத்து சீட்டுக்காரம்மா கொஞ்சம் மங்கலாகி, மறுபடி தெளிந்தார். திரும்பிவிடலாமா என்று மூன்று தடவை நினைத்தேன். நல்லவேளை, நடுவில் இறங்கினால் திரும்ப பஸ் கிடையாது.

கரியாலூரில் விசாரித்துப் போனபோது, கோவிந்தன் சாமைக் கொல்லையில் களையெடுத்துக்கொண்டிருந்தார். அதே வெளுத்த சட்டை, பார்த்ததுமே தெரிந்துவிட்டது. முடி முடியாக நான் அழித்த ஆள்.

“உங்கக்கா ஒண்ணும் சொல்லலைங்க. கம்ப்யூட்டர் கோளாறும் இல்ல. நான்தான் அழிச்சேன். பந்தல்காரர்னு நெனச்சிட்டேன்.”

நிமிர்ந்தார். “என்ன பாத்தா பந்தக்காரன் மாரியா கீது?”

கால் தானாகப் பின்னால் போகப் பார்த்தது. அழுத்தி நின்றேன். “முகத்தப் பாக்கலைங்க. சட்டையத்தான் பாத்தேன். தப்புங்க.”

அவர் களைக்கொத்தை வரப்பில் குத்தி நிறுத்தினார். “படத்தக் காட்டு” என்றார்.

வரப்பில் உட்கார்ந்து லேப்டாப்பில் மூலப் படங்களைத் திறந்தேன். ஒன்று, இரண்டு என்று பார்த்துக்கொண்டே வந்தவர் ஆறாவது படத்தில் விரலை வைத்தார். “இது இன்னாது?”

பெரிதாக்கினேன். குழந்தைக்குக் காது குத்துகிற நேரம், எல்லார் பார்வையும் ஆசாரி கையில். அக்காவின் இடது கை மட்டும் பின்னால் நீண்டு, தம்பியின் சட்டை நுனியை இறுகப் பிடித்திருந்தது. அடுத்த படத்திலும். அதற்கடுத்த படத்திலும். இதே இடத்தை ஜூம் செய்து, அந்த விரல்களைச் சேலை மடிப்பால் மூடியவள் நான். கையைப் பார்க்கவே இல்லை.

அவர் எழுந்து, சிக்னல் கிடைக்கிற பாறைமேல் போய் நின்று போன் போட்டார்.

“க்கா... காதுகுத்துல ஏன்க்கா என் சட்டைய புடிச்சிக்கினு இருந்த?”

ஸ்பீக்கர் போடாமலேயே அந்தப் பக்கத்துக் குரல் எனக்குக் கேட்டது. “நீ பாதியில எழுந்து போய்டுவியேன்னுதான்டா.”

அவர் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் உண்டு. யாரையும் அழிக்கும் முன் போன் போட்டு ‘இவர் யாரு’ என்று கேளுங்கள். எனக்கு நானே சொல்லிக்கொள்வது வேறு. இத்தனை வருஷமும் நான் ஒளிந்துகொண்டால் எனக்கு மட்டும்தான் நஷ்டம் என்று நினைத்திருந்தேன். இன்னும் ஒரு வாரம் போனை அணைத்து வைத்திருந்தால், ஒரு அக்காவுக்குத் தம்பி இல்லாமல் போயிருப்பான்.