பாதியில் நிறுத்திய படங்கள்

நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இன்று கோட்டுச்சேரிமேட்டில் எனக்குச் சொந்தமாக இரண்டு விசைப்படகுகள் நிற்கின்றன. யாரும் தூக்கிவிடவில்லை, நானாக ஏறினேன். ஒன்றை நினைத்தால் நடத்திக் காட்டிவிடுவேன் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நடக்காமல் போன காரியம் ஒன்றே ஒன்றுதான்.

என் மனைவியின் தம்பிதான் என் பெரிய படகுக்கு டிரைவர். மீசை முளைக்கும் முன்பே என்னோடு கடலுக்கு வந்தவன். அவனுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போனது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் காரைக்காலுக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். கையில் ஊசியைக் குத்தி மெஷினோடு கட்டிவிட்டால் அரை நாள் அசைய முடியாது. என்னுடையதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். எனக்குச் சர்க்கரை இருப்பதால் ஆகாது என்றார். என் மனைவியுடையதும் சேரவில்லை. சில மாதங்களிலேயே அவனுக்கு வெறுத்துவிட்டது. "இனிமே வரல மச்சான்" என்று சொல்ல ஆரம்பித்தான். மெஷினை விட்டால் உயிர் தங்காது என்று டாக்டர் அவனிடமும் என்னிடமும் ஒளிக்காமல் சொல்லியிருந்தார்.

அப்போதுதான் ஒரு டேப்லெட் வாங்கினேன். துபாயில் இருக்கும் என் மகன் அதில் படம் பார்க்க வழி செய்து கொடுத்தான். எனக்கும் மச்சினனுக்கும் ஒரே ருசி. ஏதாவது பெரிய மிருகம் வந்து ஊரை மிதிக்க வேண்டும், இல்லையென்றால் வானத்திலிருந்து எவனாவது இறங்க வேண்டும். அழுகையும் குடும்பச் சண்டையும் வீட்டிலேயே கிடைக்கிறது, அதைப் படத்தில் வேறு பார்க்க வேண்டுமா?

மெஷின் கட்டிலில் வைத்து முதலில் பார்த்தது கடலிலிருந்து எழும்பும் ஒரு பூதம். எழும்பியதுமே அவன் குறை சொல்ல ஆரம்பித்தான்.

"இம்மாம் பெரிய சாமான் தண்ணிய கலக்குது, ஒரு பறவயக் காணுமே மச்சான்? மீனு மேல வந்திருக்கும்ல, கூட்டமா வந்து விழுந்திருக்குமே!"

"நீ பூதத்தப் பாரு மாப்ள. பறவயத் தேடாத."

"பூதம் பரவால்ல. நீங்க ஏலத்துல கத்துறதுக்கு அது கம்மியாத்தான் கத்துது."

பக்கத்துக் கட்டிலில் திருமலைராயன்பட்டினத்துப் பாய் ஒருவர். அவருக்கும் அதே மெஷின், அதே நாட்கள். "அதப் புடிச்சு அறுத்தா நம்ம ஜில்லாவுக்கே கந்தூரிச் சோறு போடலாம் தம்பி" என்றார். நர்ஸ் வந்து மூன்று கிழவர்களையும் அதட்டிவிட்டுப் போனார்.

பூதம் பாலத்தைப் பிடுங்குகிற இடத்தில் நான் படத்தை நிறுத்தினேன். வேண்டுமென்றேதான்.

"அந்தப் பாலத்துல நின்ன பொண்ணு பொழச்சாளா மச்சான்?"

"அடுத்த தடவ மெஷினுக்கு வா, பாக்கலாம்."

வந்தான். அதற்கடுத்த தடவையும் வந்தான். ஒவ்வொரு படத்தையும் உச்சத்தில் நிறுத்துவேன், அடுத்த தடவை மிச்சத்தைப் போடும் முன்பு முடிவு என்ன என்று இருவரும் பந்தயம் கட்டுவோம். நான் சொன்னதுதான் நடக்கும், அவன் சொன்னது ஒரு தடவைகூட நடக்காது. கதை எழுதுகிறவன் மூளை எனக்கு இருக்கிறது என்று பாயிடம் பீற்றிக்கொண்டேன். டாக்டரால் முடியாததை நான் முடித்துவிட்டேன் என்று வீட்டில் மனைவியிடம் சொன்னேன்.

பிறகு ஒரு விண்கப்பல் படம். உள்ளே தண்ணீர் கொட்டி, உருண்டை உருண்டையாக அந்தரத்தில் மிதக்கிறது. அவனுக்கு ஒரு நாளைக்கு இரண்டு டம்ளருக்கு மேல் தண்ணீர் கூடாது. கதையை விட்டுவிட்டு அந்த உருண்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். "வாயத் தொறந்துகிட்டு கெடந்தா போதும், தானா வந்து விழும்" என்றான். நான் படத்தை நிறுத்தினேன்.

அடுத்த தடவை போனபோது பாய் கட்டிலில் வேறு ஒருவர் படுத்திருந்தார். பாய் ஒரு நாள்கூடத் தவறாமல் வந்தவர், டாக்டர் சொன்னதை எல்லாம் கேட்டவர். அன்று மச்சினன் படம் வேண்டாம் என்றான். காரில் திரும்பும்போது சொன்னான்.

"இதோட போதும் மச்சான்."

"அந்தக் கப்பலு பூமிக்கு வந்துச்சான்னு பாக்க வேணாமா?"

"வரல. எல்லாரும் செத்துடுறாங்க."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"எல்லாத்தையும் அன்னன்னக்கே வீட்டுல மவ போன்ல பாத்துடுவேன்."

எனக்கு உடனே புரியவில்லை. "அப்பறம் ஏன்டா பந்தயத்துல மாத்தி மாத்திச் சொன்ன?"

"நீங்க செயிச்சா மொகம் அவ்வளவு சந்தோசமா இருக்கும். அதுக்குத்தான் இவ்வளவு நாளு வந்தேன். இனிமே ஒடம்பு கேக்கல."

காரை ஓரமாக நிறுத்திவிட்டுக் கத்தினேன். உன் பெண்ணுக்குக் கல்யாணம் ஆக வேண்டாமா, உன் அக்காவிடம் நான் என்ன சொல்வேன் என்று என்னென்னவோ கேட்டேன். அவன் கத்தவில்லை.

"கடல்ல வலைய எப்பத் தூக்கணும்னு யாரு சொல்றது மச்சான்?"

எங்கள் பக்கம் படகும் வலையும் முதலாளியுடையது. ஆனால் கடலுக்குள் போய்விட்டால் டிரைவர் வைத்ததுதான் சட்டம். வெறும் வலையோடு திரும்பி வந்தாலும் ஏன் வந்தாய் என்று கரையில் நின்று கேட்கக் கூடாது. அவனுக்குத் தெரிந்த காற்றும் அலையும் நமக்குத் தெரியாது. நான் ஒரு நாளும் கேட்டதில்லை. இந்தக் கரையில் என்னை மாதிரி முதலாளி இல்லை என்று பேர் வாங்கியதே அதனால்தான். அந்தப் பெருமையை வைத்தே என் வாயை அடைத்துவிட்டான்.

அவனை மெஷினுக்குக் கூப்பிடச் சொல்லி என் மனைவி காலில் விழாத குறை. நான் கூப்பிடவில்லை. மெஷினுக்குப் போக வேண்டிய நாளில் டேப்லெட்டை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். கால் இரண்டும் வீங்கியிருந்தன. தலைமாட்டில் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர். கேட்ட போதெல்லாம் அவன் மனைவி கொடுத்துக்கொண்டிருந்தாள். நானும் தடுக்கவில்லை. அதன் பிறகு அவன் அதிக நாள் இருக்கவில்லை.

அன்று அவன் வீட்டில் போட்டது ஒரு ராட்சத நண்டுப் படம். அவன் பார்க்காத படம். நண்டு நேராக நடப்பதைப் பார்த்து லேசாகச் சிரித்தான், சிரிக்கும்போதே மூச்சு வாங்கியது.

"கடேசில ஊரக் காப்பாத்திட்டோம்னு முடிப்பானுவ பாருங்க. எல்லாம் பொய்யி."

"இல்லடா, இதுல நண்டுதான் செயிக்கும்" என்றேன்.

"பாப்பமே."

இந்த முறை நான் நடுவில் நிறுத்தவில்லை. நண்டைக் கொன்றார்கள், ஊரே கை தட்டியது, படம் முடிந்தது. "நீ செயிச்சிட்ட மாப்ள" என்றேன். வாயைத் திறந்தபடி கண் மூடிக் கிடந்தான். காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. குனிந்து, இன்னும் சத்தமாகச் சொன்னேன்.