கோவிந்தசாமிப் பூனை

பெரியப்பா என்னைப் பார்த்துச் சிரித்தால் அம்மா என்னை உள்ளே கூப்பிட்டுக்கொள்வாள். அப்பாவின் அண்ணனான அவர் கையில்தான் குடும்பத்து நிலமெல்லாம் இருந்தது. காரியமில்லாமல் அவர் சாமியைப் பார்த்துக்கூடச் சிரித்ததில்லை. அப்படிப்பட்டவர் ஒருநாள் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் பிஸ்கட் டப்பாவைத் திறக்கச் சொன்னார்.

டப்பாவில் இருந்தவை பிலிம் துண்டுகள். திருவிடைமருதூர்க் கொட்டகையில் ஆபரேட்டராக இருந்த மாமா, அறுந்துபோனவற்றைக் கொண்டுவந்து தருவார். கதாநாயகன் துண்டு எல்லாப் பிள்ளைகளிடமும் இருந்தது. மெயின் படத்துக்கு முன்னால் ஓடும் இங்கிலீஷ் பொம்மைப் படத் துண்டுதான் லேசில் கிடைக்காது. ஒரு பூனைக்கு நாலு கதாநாயகர்களைத் தரப் பள்ளிக்கூடத்தில் ஆள் இருந்தார்கள். வெயிலில் தூக்கிப் பிடித்தால், பூனை பாறையைத் தாண்டி அந்தரத்தில் நிற்கும். விழப்போவது அதற்கு இன்னும் தெரியாது. அந்த முகம் எனக்கு அலுக்கவே இல்லை. எல்லாவற்றுக்கும் மனிதப் பெயராக வைத்திருந்தேன்.

"இது யாரும்மா?" என்றார் பெரியப்பா, பூனையைக் காட்டி.

"கோவிந்தசாமி."

"அப்பா பேரு?"

"ராமசாமி." அப்போதுதான் யோசித்துச் சொன்னேன்.

எலி மாரிமுத்து, வாத்து தனபாக்கியம். பெரியப்பா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

"இவருக்கு எதுக்கு இவ்வளவு அக்கறை? டப்பாவ ஒளிச்சு வை" என்றாள் அம்மா. தன் பேரனுக்காக என் பூனைக்கு அடிபோடுகிறார் என்று எனக்கும் சந்தேகம். அரிசிப் பானைக்குள் புதைத்துவைத்தேன்.

நில உச்சவரம்புச் சட்டம் வந்திருந்த நேரம் அது. வரம்புக்கு மேல் இருந்தால் பறித்து உழுகிறவர்களுக்குக் கொடுத்துவிடுவார்களாம். அறுவடை முடிந்ததும் விசாரணைக்கு அதிகாரி வந்தார். எங்கள் வயலைத் தகப்பன் காலத்திலிருந்து உழுத பண்ணையாளும் வாசலில் வந்து நின்றார். உபரி நிலத்தையெல்லாம் விற்றாயிற்று என்றார் பெரியப்பா.

"வாங்கினவங்க எங்க? ராமசாமி மகன் கோவிந்தசாமி பேர்ல மட்டும் ஒரு வேலி நெலம் இருக்கே, ஆறரை ஏக்கருக்கு மேல?"

"அவர் ஊர்ல இல்லீங்க."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "இருக்காரு! எங்க அரிசிப் பானையில இருக்காரு!" ஓடிப்போய் எடுத்துவந்து நீட்டினேன்.

அதிகாரி வெயிலில் பிடித்துப் பார்த்தார். சிரிப்பை அவரால் அடக்க முடியவில்லை. கையிலிருந்த காகிதத்தைப் பார்த்து, மாரிமுத்துவையும் தனபாக்கியத்தையும் கேட்டு வாங்கிப் பார்த்தார். பெரியப்பாவும் சேர்ந்து சிரித்தார். பிறகு காபி வந்தது. குடித்துவிட்டு, "எல்லாம் சரியா இருக்கு" என்று கையெழுத்துப் போட்டு ஜீப்பில் ஏறினார்.

பண்ணையாள் மட்டும் சிரிக்கவில்லை. "நானும் பாக்கலாமா பாப்பா?" என்றார். கொடுத்தேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இவருதானா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு வயல் பக்கம் நடந்தார்.

பூனையை அவருக்கு அவ்வளவு பிடித்துவிட்டதே, ஒரு துண்டு கொடுத்திருக்கலாமே என்று அன்று முழுவதும் எனக்கு வருத்தமாக இருந்தது.