ரங்கநாயகி அக்கா காட்டிய எக்ஸ்ரே

புதன்கிழமை தடுப்பூசி நாள். காலையில் நர்சுகள் நாங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆளுக்கொரு மருந்துப் பெட்டியை வாங்கிக்கொண்டு அவரவர் ஊருக்குப் பஸ் பிடிப்போம். அன்று மற்றவர்கள் கிளம்பிய பிறகும் ஒரு பெட்டி மேசையிலேயே இருந்தது. ரங்கநாயகி அக்கா ஒருநாளும் தாமதமாக வரமாட்டாரே என்று நான் நினைக்கும்போதே தாராபுரம் பஸ் கண்டக்டர் இறங்கி வந்தார். விடியற்காலையில் நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது என்றார். எத்தனையோ பேரை நேரத்துக்கு ஆஸ்பத்திரி சேர்த்தவருக்கு அந்த நேரம் கிடைக்கவில்லை.

அக்காவை அறிந்த எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். கேதத்துக்கு வந்த ஒருவர், "ஒரே ஒரு தப்புப் பண்ணினாங்க, மத்தபடி தங்கமான நர்சம்மாங்க" என்று பாராட்டாகவே சொன்னார். நானும் கேட்டுக்கொண்டு நின்றேன். அந்தத் தப்பை அக்கா பண்ணவில்லை. பண்ணியது நான்.

அப்போதெல்லாம் எங்களுக்கு இலக்கு உண்டு. மார்ச் முடிவதற்குள் இத்தனை பேருக்குக் கருத்தடைக்கான காப்பர்-டி போட்டாக வேண்டும், இல்லாவிட்டால் மீட்டிங்கில் மானம் போகும். முகாம் நடந்த ஒருநாள் தெய்வாத்தாள் வந்தாள். இரண்டு பிள்ளைக்காரி, பருத்திக்காட்டு வேலைக்குப் போகிறவள். முந்தின வருஷம் போட்ட காப்பர்-டியின் நுனியில் தொங்கும் நூல் விரலுக்குத் தட்டுப்படவில்லை என்று அவள் சீட்டில் எழுதியிருந்தது. நூல் காணோமென்றால் சாதனம் விழுந்திருக்கலாம், உள்ளேயே மேலேறியிருக்கலாம், அபூர்வமாகக் கர்ப்பப்பையைத் துளைத்து வெளியேயும் போயிருக்கலாம். எங்கே இருக்கிறதென்று தெரியாமல் இன்னொன்றைப் போடக்கூடாது. எல்லாம் படித்ததுதான். நான் விழுந்துவிட்டது என்று முடிவுகட்டி இன்னொன்றைப் போட்டேன். பக்கத்துக் கட்டிலில் அக்கா வேறொருத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடுப்புக்கு மேலே துணித் திரை மறைத்திருந்ததால், படுத்திருந்த தெய்வாத்தாளுக்கு அது யார் கை என்று தெரியாது.

ஒரு மாதத்தில் அவளுக்கு அடிவயிற்று வலியும் காய்ச்சலும் வந்தன. அக்காதான் வீடு தேடிப் போய்ப் பார்த்து, அடுத்த பஸ்ஸிலேயே கோயமுத்தூருக்கு அழைத்துப் போனார். எக்ஸ்ரேயில் இரண்டு காப்பர்-டி தெரிந்தன. புதியது அதன் இடத்தில் இருந்தது. பழையது குடலுக்குப் பக்கத்தில் கிடந்தது. வயிற்றைத் திறந்து எடுத்தார்கள். ஒன்பது நாள் அக்கா கூடவே இருந்து கஞ்சி புகட்டினார். நான் ஒருநாள் ஆரஞ்சுப் பழம் வாங்கிப் போய், வார்டு வாசலோடு திரும்பிவிட்டேன்.

எங்கள் டாக்டர் விசாரித்தபோது அக்கா, "எங்க கையில நடந்து போச்சுங்க சார்" என்றார். அதில் பொய் எதுவும் இல்லை. நான்தான் வாய் திறக்கவில்லை. மெமோ மூத்தவரான அவருக்கு வந்தது. ஊரிலும் தப்பு அவர் பேரிலேயே நின்றது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது அவ்வளவு சுலபம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அந்த எக்ஸ்ரே படத்தை அக்கா கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். பிறகு காப்பர்-டி கேட்டு யார் வந்தாலும் முதலில் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுவார். முதல் சில மாதம் தீட்டு அதிகம் போகலாம், அடிவயிறு வலிக்கலாம், பெரும்பாலும் தானே அடங்கிவிடும் என்பார். ஆனால் காய்ச்சலோடு வலி, நாற்றமடிக்கும் வெள்ளைப்படுதல், நாள் தள்ளிப்போவது, நூல் தட்டுப்படாதது, இதில் எது வந்தாலும் அன்றைக்கே வரச் சொல்வார். "பயமுறுத்தலீங்க அம்மணி. நெறையப் பேருக்கு ஒண்ணும் ஆகறதில்லீங்க. ஆனா தெரிஞ்சு போட்டுக்கோணும்."

அவருடைய எண்ணிக்கை இலக்கில் பாதிக்கு இறங்கியது. கடைக்காரி தன் சரக்கையே குறை சொல்வாளா என்று டாக்டர் சத்தம் போட்டார். "வயிறு அவங்களுதுங்க சார்" என்றார் அக்கா. பின்னால் அரசாங்கமே இலக்கை எடுத்துவிட்டது. அப்போது பக்கத்து ஊர்ப் பெண்களெல்லாம் அவரைத்தான் தேடி வந்தார்கள். என்னைத் தேடி யாரும் வரவில்லை.

படத்தைக் காட்டும்போது என் பேரை ஏன் சொல்வதில்லை என்று ஒருமுறை கேட்டேன். "பேரச் சொன்னா பேரத்தான் நெனப்பாங்க கண்ணு. நூலப் பாக்கோணும்ங்கறத மறந்துருவாங்க" என்றார். எனக்கு அது வசதியாக இருந்தது.

கருமாதி முடிந்த மறுநாள் தெய்வாத்தாள் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, எதிரே உட்கார்ந்தாள்.

"அவங்க இருக்கறப்பவே சொல்லியிருக்கலாமுங்க. தப்புப் பண்ணுனவங்கதான பாக்கோணும்னு, அவங்க ஊட்டுன கஞ்சியக்கூட மனசுக்குள்ள திட்டிட்டேதானுங்க குடிச்சேன். எதுத்தாப்பல வந்தாப் பேசமாட்டேன். கேதத்துக்கும் போகலீங்க" என்றாள்.

அக்கா ஒருநாளும் இதை என்னிடம் சொன்னதில்லை. பழி ஊரோடு போகிற பேச்சு என்று நினைத்திருந்தேன். ஒருத்தியின் வெறுப்பை முகத்துக்கு நேராக அவர் அத்தனை வருஷம் வாங்கிக்கொண்டிருந்தார் என்பது அன்றுதான் தெரிந்தது. அக்காவிடம் மன்னிப்புக் கேட்க இனி வழி இல்லை.

அவருடைய மகள் அந்தப் படத்தை என்னிடம் கொடுத்துவிட்டாள். அக்காவின் பொருளாக என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். நேற்று ஒரு பெண் காப்பர்-டி போட்டுக்கொள்ள வந்தாள். படத்தை ஜன்னலுக்கு நேரே பிடித்தேன். "இது எங்க கையில நடந்ததுங்க" என்றுதான் அக்கா தொடங்குவார். நான், "இது என் கையில நடந்ததுங்க" என்று தொடங்கினேன்.