மனிதரைத் தின்னும் அலையின் கதை

"மிஸ், என்ட புள்ளைக்கு என்ன கதை சொன்னீங்க?"

நூலக வாசலில் நின்றபடியே சபீனா கேட்டார். மருதமுனைக் கடற்கரைப் பக்கம் குடியிருப்பவர். அவருடைய மகள் ஹனா, சிறுவர் பகுதியில் நான் சனிக்கிழமைகளில் நடத்திய கதை நேரத்துக்குத் தவறாமல் வருபவள். கடைசியாக நான் சொன்னது கிரேக்கர்களின் கடல் தேவன் கதை. மனிதர் குற்றம் செய்தால் அவன் கோபித்துப் பேரலையை அனுப்புவான்.

"சுனாமில மௌத்தான மாமா என்ன குத்தம் செஞ்ச எண்டு கேக்காள். அவன் என்ட தம்பி, மிஸ். அப்ப சின்னப் புள்ள. நான் என்ன சொல்ற?"

கதைதானே என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் சொல்லிவிட்டார்.

"இனி அவள அனுப்ப மாட்டன்."

அன்று பின்னேரம் புத்தகத் தட்டுகளின் முன்னால் நின்றேன். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட நாங்கள் பயன்படுத்தும் டூயி முறையில் கிரேக்க, ரோமப் புராணங்களுக்கு 292 என்று தனி எண். ஆபிரிக்கர், பசுபிக் தீவு மக்கள் என்று எத்தனையோ பேர் 299 என்ற ஒரே எண்ணுக்குள் நெருக்கியடித்துக் கிடப்பார்கள். எங்கள் தட்டில் 292 நிறைந்திருந்தது. 299இல் ஒன்றுமில்லை. அது ஒரு குறை என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

நன்கொடையாக வந்து, நூற்பட்டியலில் ஏற்றப்படாமல் கிடந்த ஆங்கிலப் புத்தகப் பெட்டிகளை இறக்கினேன். ஜப்பானியர் கதையில் பூமிக்கடியில் ஒரு பெரிய கெளுத்தி மீன். அதை அடக்கி வைத்திருக்கும் காவல்காரர் அசந்தால் அது உடம்பை முறுக்கும், நிலம் அதிரும். இன்னொரு கதை மோக்கன் மக்களுடையது. தாய்லாந்து, பர்மாக் கரையோரம் படகிலேயே வாழ்பவர்கள். எங்கள் கடலின் மறு கரை. மனிதரைத் தின்னும் அலை ஒன்று உண்டு என்று அவர்கள் சொல்கிறார்கள். அதிலும் ஆவிகளின் கோபம் வருகிறது. ஆனால் கதை கோபத்தோடு நின்றுவிடவில்லை.

அந்தப் புத்தகத்தோடு சபீனாவின் வீட்டுக்குப் போனேன்.

"கடல் உள்வாங்கினா நிண்டு பாக்காம மேட்டுக்கு ஓடணும் எண்டு அவங்கட கதையில இருக்கு, தங்கச்சி. அதே சுனாமி அங்கயும் போயிருக்கு. கதை தெரிஞ்சவங்க ஓடித் தப்பியிருக்காங்க."

சபீனா புத்தகத்தை வாங்கிப் பார்த்தார்.

"முதல் அலை வந்து போனதுக்குப் பிறகு கடல் உள்ள போச்சு, மிஸ். மீன் துடிக்கிறதப் பாக்கத்தான் அவன் ஓடின." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவனுக்குத் தெரியா. அவ்வளவுதானே?"

"ஓம். அவ்வளவுதான்."

அவர் உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். "ஹனா, இஞ்ச வாங்க. மாமா ஒரு குத்தமும் செய்யல்ல. உம்மா ஒரு கதை சொல்றன், கேளுங்க."

அவர் சொன்னார். நான் குறுக்கே பேசவில்லை. நான் சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை அப்படிக் கேட்டிருக்க மாட்டாள்.

நூலக வேலைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான். உலகம் எந்தக் கதையைப் பெரிதென்கிறது என்று பார்த்துப் புத்தகத்தை எடுக்காதீர்கள். முன்னால் உட்கார்ந்திருப்பது யாருடைய பிள்ளை என்று பார்த்து எடுங்கள்.