அக்கா குடியிருக்காத வீடு

மாதா கோயில் பங்குச் சுவாமி வந்து புது வீட்டை மந்திரித்துவிட்டுப் போன அன்று பின்னேரமே, அக்கா ஒரு தகரத் துண்டில் 'வீடு வாடகைக்கு' என்று நீலப் பெயின்ற்றால் எழுதிப் படலையில் கட்டினாள். மந்திரித்த தீர்த்தம் சுவரில் இன்னும் காயவில்லை. 

சண்டை முடிந்து நாங்கள் மன்னாருக்குத் திரும்பியிருந்த காலம். அத்தான் இடம்பெயர்ந்த வழியில் செல் குண்டுபட்டுச் செத்துப்போய்விட்டார். தாலிக்கொடியை விற்று அக்கா கட்டிய வீடு அது. அதன் பின்னால் போட்ட தகரக் கொட்டிலில் இரண்டு பெண்பிள்ளைகளோடு இருந்துகொண்டாள்.

"சொந்த வீடு இருக்க, கொட்டிலுக்கை ஏன் பிள்ளை வேகிறாய்?" என்று அம்மா அழுதார்.

"நான் படுத்துக்கிடந்தால் வீடு சோறு போடுமோ அம்மா? அது உழைக்கட்டும்."

மீள்குடியேற்ற வேலைக்கென்று வெளியூர் ஆட்கள் வந்து குவிந்த நேரம். வீடு உடனே வாடகைக்குப் போனது. ஆனால் அக்காவுக்கு நிம்மதி போய்விட்டது. உள்ளே ஆணி அடிக்கும் சத்தம் கேட்டால் சோற்றுக் கோப்பையோடு எழும்பி ஓடுவாள். திட்டம் முடிந்து அவர்கள் போனதும் அந்த வெறுமை அவளை இன்னும் ஆட்டியது. பஸ் நிலையத்தில் போய் நின்று, மாற்றலாகி வருகிறவர்களிடம் வீடு வேண்டுமா என்று விசாரித்தாள். அப்படிக் கிடைத்தவர்தான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற உயிலங்குளத்து ரீச்சர்.

ரீச்சருக்குப் பிள்ளை பிறந்த கையோடு அக்காவின் மூத்த மகளுக்கு வங்காலையிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையின் தகப்பன் கொட்டில் வாசலில் கதிரையில் இருந்தபடி, கலியாணத்துக்கு முதல் வீட்டைக் காலியாக்கித் தரவேணும் என்றார். மாரி மழை பிடித்திருந்தது. அக்கா முற்றத்துக்கும் குசினிக்குமாக நடந்தாள். பிறகு வந்து நின்று சொன்னாள்:

"வீடு பிள்ளைக்குத்தான். இண்டைக்கே எழுதித் தாறன். ஆனால் பச்சை உடம்புக்காரியை மழைக்கை எழும்பெண்டு சொல்லமாட்டன்."

இடம்பெயர்ந்த காலத்தில் வவுனியாவில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரர் ஒருநாள் எங்கள் சட்டி பானைகளைத் தெருவில் வைத்ததும், சின்னவளுக்குக் காய்ச்சல் என்று அக்கா அவரிடம் கெஞ்சியதும் எனக்கு நினைவு வந்தது. மாப்பிள்ளையின் தகப்பன் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிப் போனார். அம்மா மடு மாதாவைக் கூப்பிட்டுக் கத்தினார். மூத்தவள் முற்றத்தில் இறங்கினாள். மழையில் நனைந்துகொண்டிருந்த ரீச்சரின் குழந்தைத் துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்த கிழமை மாப்பிள்ளை தனியாக மோட்டார் சைக்கிளில் வந்தான். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் சொன்னான்:

"ரீச்சர் இருக்கட்டும் மாமி. நாங்களும் வாடகைக்கு இருக்கிறம்."

அன்றுதான் அக்கா அழுததைக் கண்டேன். அத்தானுக்குக்கூட அவள் அழ நேரம் கிடைத்ததில்லை.

ரீச்சர் மாற்றலாகிப் போனபிறகு, இப்போது மூத்தவள் புருசனோடும் சின்னவளோடும் அந்த வீட்டில் இருக்கிறாள். மிச்சக் காணியில் அக்கா வரிசையாக அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறாள். தனக்கென்று ஒன்றை வைத்துக்கொள்ளவில்லை. எது காலியாகிறதோ அதற்குள் போய்ப் படுப்பாள். ஆள் வந்தால் எழும்பிவிடுவாள். மகள் கூப்பிட்டும் போகமாட்டாள்.

போன முறை நான் போனபோது, புதிதாக வந்த ஒரு குடும்பத்தின் சாமான்கள் லொறியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தன. அக்கா தன் பாயையும் தலையணையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அந்த அறையிலிருந்து அவசரமாக வெளியே வந்தாள். கைப்பிள்ளையோடு தயங்கி நின்ற பெண்ணைப் பார்த்துச் சொன்னாள்:

"வாங்கோ பிள்ளை, ஆறுதலா இறக்குங்கோ. இஞ்சை உங்களை ஒருத்தரும் எழும்பச் சொல்லமாட்டினம்."